நோயுற்றோர் சொல்லைக் கேட்டல்: வையாவிருத்தியம் பற்றிய ஒரு பாடம்

'சிராவகர்' என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோம். இல்லறத்தில் இருந்துகொண்டு அறம் ஒழுகுபவர் என்பது அதற்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள். சொல்லின் பிறப்பை நோக்கினால், கேட்டலைக் குறிக்கும் வடமொழி வினையடியினின்று தோன்றியது அது. கேட்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். சிலப்பதிகாரத்திலேயே 'சாவகர்' எனத் தமிழ் வடிவம் பெற்றுவிட்ட பழஞ்சொல் அது. சமவசரணத்தில் பன்னிரு சபையினரும் அமர்ந்து தத்தம் மொழியில் திவ்யத்வனியைக் கேட்டனர் என்பது நம் மரபு. சிரேணிக மன்னன் வினவ, கௌதம கணதரர் விடை கூறும் முறையில் நம் புராணங்கள் அமைந்துள்ளன. நற்காட்சி தோன்றுதற்கு வேண்டிய ஐந்து இலப்திகளுள் தேசனா இலப்தியும் ஒன்று. நல்லுரையைக் கேட்கப் பெறுவதே அது.

இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது, இவற்றோடு சேர்த்து எண்ணப்படாத வேறொரு கேட்டல். பிணியாளரின் கட்டிலருகே அமர்ந்து, அவர் கூறுவதை முடிவுவரை கேட்பதே அது. இதை வையாவிருத்திய தவத்தின் ஒரு கூறாகக் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. ஏன் என்பதை நூல்வழியும், இன்றைய மருத்துவ உலகின் அனுபவம் வழியும் காண்போம்.

தவம் பன்னிரண்டு. புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. அகத்தவத்துள் பிராயச்சித்தம், விநயம் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது வையாவிருத்தியம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம், இத்தொண்டுக்கு உரியோர் எனப் பதின்மரை எண்ணுகிறது. ஆசாரியர், உபாத்தியாயர், தபஸ்வி, சைக்ஷர் என்று செல்லும் அவ்வரிசையில் ஐந்தாவதாக வருபவர் 'கிலானர்', அதாவது நோயுற்றவர். அப்பதின்மரும் துறவறத்தைச் சார்ந்தோரே என்பது உண்மை. ஆயினும், தீர்த்தங்கரப் பிரகிருதிக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள்ளும் வையாவிருத்தியம் இடம்பெறுகிறது. முனிவர்க்குச் செய்யும் தொண்டினால் பழகிய மனம் தன் வீட்டு முதியவரிடம் வறண்டுபோகுமானால், அப்பழக்கம் எங்கோ தடைப்பட்டிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

வையாவிருத்தியம் என்றவுடன் கால் பிடித்தல், மருந்து தருதல், படுக்கையைத் தூய்மை செய்தல் ஆகியன நினைவுக்கு வருகின்றன. கேட்டலுக்கு அதில் இடம் எங்கே என்று வினவுவோர்க்கு உத்தாயன மன்னன் கதையை நினைவூட்ட விரும்புகிறோம்.

சமந்தபத்திர ஆசாரியர் தம் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில், நற்காட்சியின் எட்டு உறுப்புகளுக்கும் எடுத்துக்காட்டாக எண்மர் பெயர்களை நிறுத்தியுள்ளார். அருவருப்பின்மை என்னும் நிர்விசிகித்சைக்கு அவர் காட்டுபவன் உத்தாயனன். கதை நாம் அறிந்ததே. சௌதர்மேந்திரன் அம்மன்னனைப் புகழ்ந்து பேச, அதை ஐயுற்ற தேவன் ஒருவன் தொழுநோய் முற்றிய முனிவர் வடிவில் வந்தான். மன்னனும் அரசி பிரபாவதியும் எதிர்கொண்டு ஆகாரதானம் செய்தனர். இட்ட உணவு அனைத்தையும் உண்ட அம்முனிவர் அங்கேயே வாந்தி எடுத்தார். நாற்றம் பொறாமல் பணியாளர் விலகி ஓடினர். மன்னனும் அரசியும் தாங்கிப் பிடித்தனர். முனிவர் மறுபடியும் வாந்தி எடுத்தார், அவர்கள் மேலேயே. அப்போது மன்னன் வருந்திக் கூறியது, இந்நோய்க்கு ஒவ்வாத உணவை நாம் அளித்துவிட்டோமே என்பது.

சொற்பொழிவுகளில் இக்கதை பெரும்பாலும் அருவருப்பின்மையோடு நிறுத்தப்படுகிறது. நாம் கவனிக்க வேண்டியது மன்னனின் அந்த வருத்தத்தை. ஓடியவர்கள் கண்டது கண்ணெதிரே கிடந்த அழுக்கை மட்டும். மன்னன் எண்ணியது, இதற்கு முன் நடந்தது என்ன என்பதை. என்ன உண்டார், எப்போது உண்டார், அது அவருக்கு ஒத்துக்கொண்டதா? இன்றைக்கு ஒரு நல்ல மருத்துவர் முதலில் கேட்கும் வினாக்களும் இவையே. அருவருப்பும் அவசரமும் நீங்கிய இடத்தில்தான் இவ்வினா பிறக்கும்.

குந்தகுந்தராகிய ஏலாசாரியர் அருளியது என்று நம் முன்னோர் போற்றும் திருக்குறள், மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, 'உழைச்செல்வான்' என்று நான்காவது ஒருவரையும் அது சேர்க்கிறது. நோயாளியின் அருகிலேயே இருந்து ஆவன செய்பவர் அவர். தாயும், மனைவியும், மருமகளும், மகனும், பேரனும் ஏற்கின்ற பாத்திரம் அது. மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு அவர் கடமை முடிந்துவிடுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளி சொல்வதைக் கேட்டு, அதைத் தீர்ப்பவரிடம் சிதையாமல் கொண்டுசேர்ப்பதும் அவர் கடமையே. (மருந்துப் பெயர்களையே தம் அறநூல்களுக்குச் சூட்டிய காரியாசானும் கணிமேதாவியாரும் நம் சமயத்தவர் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் நம் இல்லங்களில் இன்று எத்தனை அலமாரிகளில் இருக்கின்றன என்பது வேறு கேள்வி.)

மருத்துவர் அறையில் நிகழ்வது

1975-ல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேரைப் பற்றியது அது. பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி கூறிய வரலாற்றைக் கேட்டவுடன் மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். பின்னர் உடற்சோதனையும் ஆய்வுக்கூடச் சோதனைகளும் முடிந்தபின் கண்ட இறுதி முடிவோடு அதை ஒப்பிட்டபோது, 66 பேருக்கு முதலில் கூறியதே சரியாக இருந்தது. அக்காலத்திற்குப் பின் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் எந்தக் கருவியை எந்த உறுப்பின்மேல் வைப்பது என்பதை முடிவு செய்யவும் நோயாளியின் சொல்லே வழிகாட்டவேண்டியுள்ளது.

அச்சொல்லுக்கு என்ன நேர்கிறது? 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்னும் இருவர், மருத்துவரும் நோயாளியும் சந்தித்த 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தாம் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தவர்கள் 17 பேர் மட்டுமே. குறுக்கிடாவிட்டால் இவர்கள் நாள் முழுதும் பேசுவார்களே என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருப்பது இயல்பு. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் 2002-ல் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 335 நோயாளிகளைத் தடையின்றிப் பேசவிட்டனர். அவர்கள் பேசிய நேரத்தின் சராசரி 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் 2 நிமிடத்திற்குள் தாமே நிறுத்திக்கொண்டனர். 5 நிமிடத்தைத் தாண்டிப் பேசியவர்கள் எழுவர் மட்டுமே. அவர்கள் கூறியதும் தேவையான செய்தியே என்று அம்மருத்துவர்கள் கருதினர்.

நம் நாட்டு நிலைமை வேறு. முதனிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் பற்றிப் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வெளிவந்த கட்டுரையில், இந்தியாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடமும் ஸ்வீடனுக்கு 22 நிமிடத்திற்கு மேலும் குறிக்கப்பட்டிருந்தன. வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது மருத்துவரைக் குறைகூறிப் பயனில்லை. உள்ள 2 நிமிடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லும் ஆயத்தத்தோடு செல்வது நம் கையில் இருக்கிறது. அந்த ஆயத்தம் முந்தின நாள் மாலையில் வீட்டுத் திண்ணையில் செய்யப்பட வேண்டியது. அதைச் செய்பவரே உழைச்செல்வான்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் 'கதைவழி மருத்துவம்' என்னும் துறையை வளர்த்து வருபவர் ரீட்டா சாரோன். மருத்துவம் பயின்றதோடு இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர். புதிய நோயாளி வந்தால், 'உங்கள் நிலையைப் பற்றி நான் அறியவேண்டியது எதுவென்று நினைக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள்' என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, எழுதாமலும் குறுக்கிடாமலும் இருப்பது அவர் மேற்கொண்ட முறை. மருத்துவமனை ஏட்டில் எழுத இடமில்லாத செய்திகளைத் தம் மாணவர்கள் தனியே ஓர் இணை ஏட்டில், எளிய மொழியில் எழுதிவரும்படியும் அவர் செய்தார். கதையைப் படிக்கக் கற்றவர்க்கு நோயாளியின் பேச்சில் விடுபட்ட இடம் தெரியும் என்பது அவர் கொள்கை. அநேகாந்தம் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மருத்துவர் நோயைக் காணும் நயம் ஒன்று. நோயாளி அதனோடு வாழும் நயம் வேறொன்று. ஒன்றை மட்டும் முழு உண்மை எனக் கொள்வது ஏகாந்தம்.

நம் நோன்பும் நம் மருந்தும்

இனி, நம் சமூகத்துக்கே உரிய செய்திக்கு வருவோம். எந்த மருத்துவ நூலும் நமக்காக இதை எழுதிவைக்கவில்லை. ஆகையால் சற்று விரித்தே கூறுகிறோம்.

நம் முதியோருள் பலர் இரவு உண்ணாமையை வாழ்நாள் முழுதும் காத்துவருபவர்கள். கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்துவிடுகின்றனர். சிலர் அதன்பின் நீரும் அருந்துவதில்லை. அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசம் அல்லது ஒருவேளை உணவு. தசலக்ஷண நாட்களில் இன்னும் கடுமை. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் அவர்கள் சொல்வதில்லை. நோன்பைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று சிலர் கருதுகின்றனர். சொன்னால் விட்டுவிடச் சொல்வாரோ என்று அஞ்சுவோர் சிலர். மருத்துவரும் கேட்பதில்லை. இரவு 8 மணிக்கு உணவு உண்ணும் ஒருவரை மனத்தில் வைத்தே அவர் மருந்துச் சீட்டை எழுதுகிறார்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 75 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். நீரிழிவுக்காகக் காலையும் இரவும் மாத்திரை உண்டுவந்தவர். சில வாரங்களாக, நடு இரவு கடந்தபின் உடல் வியர்த்து, பேச்சு முன்பின்னாகக் குழறும். விடிந்து பால் அருந்தியதும் தெளிந்துவிடும். முதுமையால் வரும் மனக்குழப்பம் என்று வீட்டார் எண்ணினர். நகரத்து மருத்துவமனை ஒன்றிலும் அவ்வாறே எழுதித் தந்தனர். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் மனைவி அவரருகே அமர்ந்து, "ஆயா, காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்றீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார். மூதாட்டி கிணற்றடி, ஜினாலயம், பேரப்பிள்ளைகள், மாடு என்று ஒரு மணி நேரம் பேசினார். அதனிடையே, மாலை 5½ மணிக்கு உணவு முடிந்துவிடுவதும், சீட்டில் 'இரவு' என்று எழுதியிருப்பதால் மாத்திரையை மட்டும் 9 மணிக்கு உண்பதும் வெளிவந்தன. மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, மாலை உணவுக்கு முன் உண்ணுமாறு மாற்றினார். இரவுக் குழப்பம் நின்றது.

இன்சுலினும், உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஒருவகை மாத்திரைகளும், உணவு தவறினால் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக் கூடியவை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். நினைவு இருக்கும்போதே சர்க்கரை அல்லது குளுக்கோசு தரவேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பேராய்வு 2023-ல் தெரிவித்தது. நம் சிற்றூர்களில் இது எல்லா வீட்டு வாயிலையும் எட்டிய செய்தியே. உபவாச நாளில் எந்த மருந்தை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதைத் தாமே முடிவு செய்யாமல், நோன்பு நாட்களின் பட்டியலை முன்னதாகவே மருத்துவரிடம் காட்டிக் கேட்பது நலம். நீரும் கொள்ளாத உபவாசத்தில், சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரைகளும் கவனத்துக்குரியவை.

இரவில் நீர் அருந்தாதவர் மாத்திரையை எப்படி விழுங்குகிறார் என்று எப்போதேனும் கேட்டதுண்டா? சிலர் வெறுவாயில் விழுங்குகின்றனர். சில மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிப் புண் உண்டாக்கும். சிலர் விழுங்காமலே தலையணைக்கு அடியில் வைத்துவிடுகின்றனர். நோன்பு ஏற்கும்போதே 'மருந்தும் நீரும் நீங்கலாக' என்று எல்லை வகுத்து ஏற்போர் நம்மிடையே பலர் உண்டு. முன்பு எல்லை வகுக்காதவர்கள் முனிவர் பெருமக்களிடமோ பட்டாரகர் அவர்களிடமோ கேட்டுத் தெளியலாம். வீட்டார் தாமே நோன்பைக் கலைக்கச் சொல்லி வற்புறுத்தினால் முதியவர் 'சரி' என்பார், பின் மறைத்துவிடுவார். மறைத்த மருந்து வினை செய்யாது. மருத்துவரோ, அது வினை செய்யவில்லை என்று கருதி இன்னும் வலிய மருந்தை எழுதுவார்.

உறைமருந்து பற்றியும் ஒரு சொல். நாம் 'கேப்சூல்' என்று வழங்கும் கூட்டு மருந்துகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து அது எடுக்கப்படுகிறது. இதனை அறிந்த ஒருவர் வாய் திறவாமல் அம்மருந்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார். மருத்துவரிடம் சொல்லியிருந்தால், அதே மருந்தை மாத்திரையாகவோ, நீர்மருந்தாகவோ, தாவரப் பொருளால் ஆன உறையிலோ பெற வழியுண்டா என்று பார்த்திருப்பார். உறையைப் பிரித்து உள்ளிருப்பதைத் தாமே எடுத்து உண்பதும் தவறு. இரைப்பையின் அமிலத்தைக் கடந்து குடலில் கரையவேண்டும் என்றோ, மெல்ல மெல்லக் கரையவேண்டும் என்றோ சில மருந்துகள் அமைக்கப்பட்டிருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தேனில் குழைத்து உண்ணச் சொல்லும்போதும் இதே நிலைதான். தேன் விலக்கியவர் என்று கூறினால், வெந்நீர், நெய், பால் என்று வேறு அனுபானத்தை வைத்தியர் கூறக்கூடும். கூறாவிட்டால் மருந்து பரணில் உறங்கும்.

ஆகவே, மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டில் நிகழவேண்டிய உரையாடலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். நின்றுகொண்டு கேட்கக்கூடாது, முதியவரின் முகத்துக்கு நேரே, அவர் கண்மட்டத்தில் அமரவேண்டும். தொலைக்காட்சி ஓடக்கூடாது. "எங்கே வலிக்கிறது?" என்று தொடங்கினால் விரலால் ஓரிடத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். நாளின் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னால் கதையாக வரும். கதை வேறு பக்கம் திரும்பினாலும் விட்டுவிட வேண்டும். திரும்பிய இடத்தில்தான் பலமுறை செய்தி இருக்கிறது. 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று நாம் ஆறுதலாகக் கூறும் சொல்லும் ஒரு குறுக்கீடே. அவர் முடித்தபின், 'வேறு ஏதாவது உண்டா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அதற்கும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். கேட்டதை அரைப்பக்கத்தில் எழுதி, மேலே முதல் வரியாக 'சூரியன் மறைந்தபின் உண்பதில்லை' என்பதையும், நோன்பு நாட்களையும், விலக்கிய பொருள்களையும் குறித்துக் கையில் கொடுத்தால், எத்தனை நெரிசலிலும் மருத்துவர் அதைப் படிப்பார் என்பது நம் அனுபவம்.

பெண்களைப் பற்றித் தனியே கூறவேண்டும். தம் உடலைப் பற்றிப் பேசக் கணவரும் மகன்களும் சூழ்ந்திருக்கும் இடத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை. மருமகளிடமோ, மகளிடமோ, பேத்தியிடமோ தனித்திருக்கும்போது வெளிவரும். துணைக்குச் செல்பவர் அப்பெண்ணாகவே இருக்கட்டும். அவரை முந்திக்கொண்டு மகன் விடை சொல்லாதிருக்கட்டும்.

கதை மருந்தாகும் விதம்

கேட்டலைப் பற்றி இதுவரை கூறினோம். கதை கூறுதலும் நோய் தீர்க்கத் துணைசெய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்னும் நகரத்தில், வறியோர்க்கான ஒரு மருத்துவமனையில் இரத்த அழுத்தத்திற்காக மருந்துண்ணும் ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே நடந்த ஆய்வு அது. முடிவுகள் 2011-ல் வெளியாயின. அதே மக்களுள், அதே நோயோடு வாழ்வோர் சிலர் தம் கதையைத் தம் சொற்களிலேயே கூறுவதைப் படம்பிடித்துக் குறுந்தகடுகளாக ஒரு பகுதியினர்க்கு அளித்தனர். மற்றவர்க்கு வேறு நலச்செய்திகள் அடங்கிய குறுந்தகடு தரப்பட்டது. தொடக்கத்தில் அழுத்தம் கட்டுக்குள் இல்லாதிருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்று மாதங்களுக்குப் பின் கதை கேட்டவர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைக் காட்டிலும் சுமார் 11 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே கட்டுக்குள் இருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து முன்பும் அவர்கள் கையில் இருந்ததுதான். 'இவரும் நம்மைப் போன்றவரே, இவரால் முடிந்தது' என்னும் எண்ணமே கதையோடு கூடுதலாகச் சென்றது என்று கொள்ள இடமுண்டு.

நம் ஆசாரியர்கள் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர். நிர்விசிகித்சைக்கு இலக்கணம் கூறியதோடு நில்லாமல் உத்தாயனன் பெயரையும், ஔடததானத்திற்கு விருஷபசேனையின் பெயரையும் வைத்தனர். பெயர் இருந்தால் கதை வரும். கதை வந்தால் குழந்தையும் கேட்கும். ஆனால், நம் ஜினாலயங்களில் பூசை முடிந்தபின் நடைபெறும் பேச்சில் நோயைப் பற்றிய பேச்சு, யாருக்கு எந்த மருத்துவர், எவ்வளவு செலவு என்பதோடு நின்றுவிடுகிறது. இரவு உண்ணாமையை விடாமலே நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், அதை எவ்வாறு செய்தார், எங்கே தடுமாறினார், மருத்துவரிடம் எப்படிச் சொன்னார் என்று கால்மணி நேரம் கூறுவாரானால், அச்சிட்ட அறிவுரைத்தாள் நூறு செய்யாததை அது செய்யும். அவருக்குப் பொருந்திய மருந்தை மற்றவர் வாங்கி உண்ணத் தொடங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதிக் காலத்தில்

நோய் தீராது என்று தெரிந்தபின் கேட்டலின் தேவை மிகுகிறது. இலண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியாகவும் பின்னர் மருத்துவமனைச் சமூகப்பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் பயின்றவர். புற்றுநோயாளிகள் கூறியவற்றை ஆண்டுக்கணக்கில் கேட்டுக் குறித்துவைத்தவர். உடல் வலி, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்த 'முழு வலி' என்னும் கருத்து அவ்வாறு பிறந்தது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநீக்கும் ஆதரவு மருத்துவ இயக்கம் இதை அயலார் தொண்டாக வளர்த்தது. மருத்துவர் அல்லாத ஊர்மக்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று நோயாளியோடு அமர்கின்றனர். அப்பயிற்சியில் பெரும்பங்கு, எப்படிக் கேட்பது என்பதே. 2008-ல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

இவ்விடத்தில் சல்லேகனை பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. "எனக்குச் சோறு வேண்டாம், சீக்கிரம் போய்விட்டால் போதும்" என்று முதியவர் ஒருவர் கூறியவுடன், அதை நோன்பு விருப்பம் என்று எடுத்துக்கொள்வோரும் உண்டு. அது பெரும் பிழை. தடுக்க இயலாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீர்வற்ற நோய் ஆகிய நிலைகளையே ரத்னகரண்டம் சல்லேகனைக்குக் காரணமாகக் கூறுகிறது. தீரக்கூடிய நோய் அதனுள் அடங்காது. அன்றியும், உயிரோடிருக்க ஏங்குவதைப் போலவே மரணத்தை விரும்புவதையும் அந்நூல் அதிசாரங்களுள் சேர்த்திருக்கிறது. உணவை வெறுக்கும் முதியவருக்கு வாயில் புண் இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், மருந்தினால் குமட்டல் இருக்கலாம், துணைவரை இழந்தபின் வந்த மனச்சோர்வாகவும் இருக்கலாம். இவற்றுள் பல சிகிச்சையால் தீர்பவை. மகன் வீட்டுக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணமும் அவ்வாறு பேசவைக்கும். அதற்கு மருந்து மகனிடம் இருக்கிறது. எது என்று அறியக் கேட்டுத்தான் ஆகவேண்டும், ஒருமுறைக்கு மேலும் கேட்டாகவேண்டும்.

முறையான சல்லேகனையின் தொடக்கமோ வேறு வகையானது. பற்றையும் பகையையும் விடுத்து, சுற்றத்தாரை மன்னித்து, அவர்களிடம் மன்னிப்பு வேண்டி, தான் செய்தும் செய்வித்தும் உடன்பட்டும் ஈட்டிய தீவினைகளை வஞ்சனையின்றி ஆலோசனையாக எடுத்துரைத்தல் என்று நூல் அதனை வகுக்கிறது. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் வாய்விட்டுச் சொல்கிறார். மற்றவர் அருகிருந்து கேட்கிறார். ஆலோசனையைக் கேட்கும் ஆசாரியர் அதைப் பிறரிடம் வெளியிடாதவராக இருக்கவேண்டும் என்பது இலக்கணம். பிணியாளர் கட்டிலருகே நாம் கேட்ட குடும்பச் செய்திகளுக்கும் இவ்விதியே பொருந்தும். மருத்துவருக்கு வேண்டியது மருத்துவரிடம் சென்று சேரட்டும். எஞ்சியவை நம்மிடமே இருக்கட்டும்.

அகத்தவத்துள் அடுத்து நிற்பது சுவாத்தியாயம். அதன் ஐந்து கூறுகளுள் இரண்டாவதாகிய வினவுதல் பற்றி வரும் இதழில் பயில்வோம்.